கடைசியாக ஊசி போட்டது எப்போது?

2011-இல் நான் முதன்முதலாக ஆணழகன் போட்டிக்கு நின்றது ஒரு கல்யாண மண்டபத்தில். மாடியில் ஸ்டேஜ், கீழே பந்தி போடுகிற இடம்தான் எங்களுக்கு மேக்கப் ரூம். முந்தின நாள் முகூர்த்தத்துச் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. மூன்று நாளாக உப்பில்லாமல் தின்று, ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவனுக்கு அந்த வாசனை என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். ஜட்டியோடு முப்பது பேர், ஆளுக்கொரு மூலையில் தண்டால் எடுக்கிறார்கள், வெல்லத்தைக் கடிக்கிறார்கள், என் தம்பி ஸ்பாஞ்சை முக்கி முக்கி என் முதுகில் பழுப்புக் கலர் அடிக்கிறான், "அசையாதண்ணே, கோடு விழுது" என்று திட்டிக்கொண்டே.

பக்கத்தில் நின்றவனும் நானும் ஒரே 65 கிலோ பிரிவு. ஒரே தராசில் ஏறி இறங்கினோம். ஆனால் அவன் தோளுக்குப் பக்கத்தில் என் தோள், தேங்காய்க்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. அவன் முதுகு பூராவும் பரு. பெயிண்ட் அடித்த பிறகும் புடைத்துக்கொண்டு தெரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது, வெயில் காலம், வேர்க்குரு என்று நினைத்துக்கொண்டேன். நான் ஏழாவது வந்தேன். எங்கள் பிரிவில் நின்றதே ஏழு பேர்தான் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

இறங்கி வந்ததும் ஒரு மாஸ்டர் தோளில் கை போட்டார். "உடம்பு அமைப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இட்லி தோசையை வச்சுக்கிட்டு இதுக்கு மேல வராது." அவ்வளவுதான் சொன்னார். மீதியை நானே கேட்டுப் போனேன், அதனால் பழியை அவர் மேல் போட மாட்டேன்.

2012-இல் எட்டு வாரம் ஒரு ஸ்டீராய்டு கோர்ஸ் போட்டேன், அதாவது தசை ஏற்றுகிற மருந்து. ஊசியும் மாத்திரையும். ஏழு கிலோ ஏறியது. சட்டைக் கை கிழிந்தது. தெருவில் நடந்தால் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள், அது ஒரு போதை, ஊசியைவிடப் பெரிய போதை என்றே சொல்வேன். அந்த வருஷப் போட்டியில் நாலாவது வந்தேன். அவ்வளவு பண்ணியும் நாலாவதுதான், ஏனென்றால் முதல் மூன்று பேரும் என்னைவிட அதிகமாகப் போட்டிருந்தார்கள். மேடையில் நாங்கள் மோதியது உடம்பை வைத்து இல்லை, மருந்துச் சீட்டை வைத்து.

நிறுத்திய பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. வெளியிலிருந்து ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வந்துகொண்டே இருந்தால் மூளை "சரி, இருப்பு நிறைய இருக்கிறது" என்று உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும், விரையில் இருக்கிற சொந்தத் தயாரிப்பு படுத்துவிடும். ஊசியை நிறுத்திய மறுநாளே அது எழுந்து வேலைக்கு வராது. அப்புறம், உள்ளே போன டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறும், எனக்கு மாறியது. மார்க்காம்புக்கு அடியில் நெல்லிக்காய் அளவு கட்டி, பனியன் உரசினால்கூட வலி. ஏழு கிலோவில் ஆறு கிலோ நாலு மாதத்தில் போய்விட்டது, கட்டி போகவில்லை. 2013-இல் கல்யாணம். ஒன்றரை வருஷம் கழித்துப் பிள்ளை இல்லையே என்று டாக்டரிடம் போனபோது, அவர் ரிப்போர்ட்டை முழுசாகப் பார்க்கக்கூட இல்லை, என் புஜத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஜிம்முக்குப் போறீங்களா?" பக்கத்தில் என் மனைவி. பிறகு சரியானது, இப்போது ஒரு பெண் இருக்கிறாள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷத்தை எந்தக் கோப்பையும் ஈடுகட்டாது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நாங்கள் நாலு பேர் சேர்ந்து எங்கள் ஊரில் மருந்தில்லாத போட்டி ஒன்று நடத்தப் போகிறோம். சின்ன அளவில்தான். ஆண்களுக்கு மூன்று எடைப் பிரிவு, 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஃபிட்னஸ் பிரிவு ஒன்று. பெண்கள் பிரிவை நான்தான் அடம் பிடித்துச் சேர்த்தேன். ஆணுக்கு மருந்து செய்கிற கெடுதலில் பாதியாவது நிறுத்தினால் திரும்பும், பெண்ணுக்குக் கனத்துப்போன குரல் பெரும்பாலும் திரும்பவே திரும்பாது.

நடத்தப் போகிறோம் என்று சொன்னதும் முதலில் வந்த கேள்வி, "யார் போடாதவன்னு எப்படிய்யா கண்டுபிடிப்ப?" நியாயமான கேள்விதான். எதிர்க்கிறவர்கள் எல்லாருக்கும் இது ஒன்றுதான் ஆயுதம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உயரத்துக்கு ஏற்ற தசை அளவு என்று ஒரு கணக்கு உண்டு: கொழுப்பைக் கழித்த எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 170 சென்டிமீட்டர், 70 கிலோ, எட்டு சதவீதம் கொழுப்பு என்றால் 22 சொச்சம் வரும். 1995-இல் வந்த ஓர் ஆய்வு, மருந்தில்லாதவர்களுக்கு 25-ஐ ஒட்டி ஒரு வரம்பு இருப்பதாகச் சொன்னது. நல்ல கணக்கு, ஆனால் அதை வைத்து ஒருவனைத் திருடன் என்று சொல்ல முடியாது. 26 வந்தும் போடாதவன் இருக்கலாம், 21-இல் நின்றுகொண்டு போட்டவனும் இருப்பான். நானே 2012-இல் 23-ஐத் தாண்டவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனை? செய்ய வேண்டும். டெஸ்டோஸ்டிரோனுக்கும், உடம்பில் அதோடு கூடவே இயல்பாகச் சுரக்கிற எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் நாலுக்கு மேல் போனால் சந்தேகம், அடுத்த கட்டப் பரிசோதனை. ஆனால் போட்டி அன்றைக்கு மட்டும் பாட்டிலை நீட்டினால் மாட்டுகிறவன் விவரம் இல்லாதவன் மட்டும்தான். எண்ணெயில் கலந்த நாண்ட்ரோலோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி, ஜிம்மில் டெக்கா என்கிறார்களே, அது பல மாதம் காட்டிக்கொடுக்கும். சில மாத்திரைகளோ சீக்கிரமே வெளியேறிவிடும், நாள் எண்ணி நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து நிற்பான். ஆகவே போட்டிக்கு ரெண்டு மாதம் முன்பிருந்தே, சொல்லாமல் கொள்ளாமல் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவோம் என்று விதியில் எழுதியிருக்கிறோம். வர மறுத்தால் பெயர் அடிக்கப்படும்.

வெளிநாட்டில் இந்த வேலையை ரொம்ப நாளாகச் செய்கிறார்கள். உலக நேச்சுரல் பாடிபில்டிங் ஃபெடரேஷனில் சிறுநீர்ப் பரிசோதனையோடு பொய் கண்டுபிடிக்கும் கருவியும் உண்டு, பத்து வருஷம் மருந்து தொடாமல் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. நம்மூரில் பொய் கண்டறியும் சோதனை என்றதும் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான் வரும். 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் யாருக்கும் அதைச் செய்யக்கூடாது என்று சொன்னதும் தெரிந்ததுதான். தவிர, அந்தக் கருவி பயத்தைக் கண்டுபிடிக்குமே ஒழிய பொய்யைக் கண்டுபிடிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இந்தச் சண்டை ஒன்றும் புதுசில்லை. செட் யார்ட்டன் என்று ஓர் அமெரிக்கர், 1966-இல் லண்டனில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ் அமெச்சூர் போட்டியில் அர்னால்டை ரெண்டாவது இடத்துக்குத் தள்ளியவர். ஊசிக்கு எதிராகக் கடைசி வரை கத்திக்கொண்டிருந்தவர், மருந்தில்லாதவர்களுக்கென்று தனிச் சங்கமே ஆரம்பித்தார். நம் நாட்டில் மனோகர் ஆய்ச் இருந்தார். 4 அடி 11 அங்குலம், 1952-இல் மிஸ்டர் யுனிவர்ஸில் உயரம் குறைந்தோர் பிரிவில் பட்டம். வெள்ளைக்கார அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போய், அங்கேதான் வெறியாக உடற்பயிற்சி செய்தார். டயனபால் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்ததே அவர் பட்டம் வாங்கி ஆறு வருஷம் கழித்து, 1958-இல். அவர் 2016 வரை, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். அதே வருஷங்களில் இன்னொரு பக்கம் பாருங்கள்: 1992-இல் முகமது பெனஸீஸா, ஹாலந்தில் போட்டி முடிந்த கையோடு, தசை வரி வரியாகத் தெரிவதற்காக உடம்பின் தண்ணீரை வற்றவைத்ததில் செத்துப்போனார். 1996-இல் ஆண்ட்ரியாஸ் மூன்ஸர் என்ற இன்னொரு பாடிபில்டரும் செத்துப்போனார், 31 வயது.

சரி, அது வெளிநாடு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2019-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில் இந்தியாவுக்கு 152 விதிமீறல். அதில் 57 பாடிபில்டிங். அடுத்து வந்த பளுதூக்குதலில் 25 தான். பரிசோதனைக்கு உட்பட்ட போட்டிகளிலேயே இந்த நிலைமை என்றால், பாட்டிலே நீட்டாத ஊர்ப் போட்டிகளை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆசிய விளையாட்டில் 2002-இலும் 2006-இலும் இருந்த நம் விளையாட்டு அதற்குப் பிறகு இல்லை. இப்போது ஜிம்களில் சுற்றும் இன்னொரு சரக்கு மெஃபென்டர்மின். ஆபரேஷன் டேபிளில் ரத்த அழுத்தம் சடாரென்று விழும்போது ஏற்றுவதற்காக டாக்டர்கள் வைத்திருக்கிற ஊசி அது. அதைப் போட்டுக்கொண்டு பெஞ்ச் பிரஸ் பண்ணுகிறார்கள், இருபது வயசுப் பையன்கள். தசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வெறும் வெறி மட்டும் ஏறும், கூடவே இதயம் தறிகெட்டு ஓடும்.

அந்த இட்லி தோசை வசனத்துக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. இட்லி தோசையால் உடம்பு வராது என்றால், ஊசியால்தான் வரும் என்று அர்த்தமில்லை, முட்டையைக் கூட்டு என்று அர்த்தம். தினம் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம் போதும் என்று இத்தனை வருஷ ஆய்வுகள் சொல்கின்றன. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஆறு முட்டையில் 36, ஐம்பது கிராம் சோயா உருண்டையில் 26, இருநூறு கிராம் கோழியில் 44, ரெண்டு டம்ளர் பாலில் 13, கணக்கு முடிந்தது. சோறும் பருப்பும் தனி. கிரியேட்டின் என்கிற சப்ளிமென்ட் பவுடர் வேண்டுமானால் தினம் மூன்றிலிருந்து ஐந்து கிராம், அது தடைப் பட்டியலிலேயே இல்லை. புதுசாக ஆரம்பிக்கிறவனுக்கு ஒழுங்காகத் தின்று தூங்கினால் மாதம் அரைக் கிலோ, ரொம்பப் போனால் ஒரு கிலோ தசை ஏறும், ரெண்டாவது வருஷத்தில் அதில் பாதி. எட்டு வாரத்தில் ஏழு கிலோ ஏறுகிறது என்று எவனாவது டப்பாவைக் காட்டினால், டப்பாவுக்குள் எழுதாத ஏதோ இருக்கிறது.

டப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் போட்டிக்குப் பரிசுத் தொகை தருவதாகச் சொன்ன ஒரு சப்ளிமென்ட் கடைக்காரர், அவர் கடைச் சரக்கில் ஒன்றை லேபுக்கு அனுப்பலாமா என்று கேட்டதும் ஊருக்குப் போய்விட்டார். இன்னும் ஊரில்தான் இருக்கிறார் போல, போன் எடுக்கவில்லை. பரவாயில்லை, முதல் பரிசு இப்போது ரெண்டு ஆட்டுக்கிடா, ஒரு செட் டம்பெல்.

எங்களுக்குள்ளேயே பெரிய சண்டை வந்தது வேறு விஷயத்துக்கு. ஒரு காலத்தில் போட்டு, பிறகு விட்டவனைச் சேர்க்கலாமா? என் நண்பன் ஒருத்தன் கூடவே கூடாது என்றான். அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2013-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்தித் தசை சுருங்கிய பிறகும், தசை நாருக்குள் அதிகமாக உருவான உட்கருக்கள் அப்படியே இருந்தன, திரும்பப் பளு கொடுத்ததும் அந்த எலிகளுக்கு மற்றதைவிட வேகமாகத் தசை ஏறியது. மனுஷனுக்கும் அப்படித்தான் என்றால் ஒரு கோர்ஸின் லாபம் வருஷக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருக்கும். அப்படியானால் அவன் சுத்தமான பையனோடு நிற்பது நியாயமா? இன்னொருத்தன், திருந்தினவனுக்கு வாசலை மூடினால் எவன் விடுவான் என்றான். நான் வாயைத் திறக்கவில்லை, பேச்சே என்னைப் பற்றித்தானே. கடைசியில் அந்த உலக நேச்சுரல் பாடிபில்டிங் ஃபெடரேஷனின் பத்து வருஷக் கணக்கையே எடுத்துக்கொண்டோம், ஒரு திருத்தத்தோடு: போட்ட வருஷத்தை மறைக்காமல் படிவத்தில் எழுத வேண்டும், பெயரோடு அதுவும் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். ரெண்டு பேர் இதைக் கேட்டுவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மார்க் போடுகிற முறையையும் மாற்றியிருக்கிறோம். பருமனுக்குத் தனி மார்க் கிடையாது. தோளுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் உள்ள பொருத்தம், தசைப் பிரிவு, போஸ் நிற்கிற நேர்த்தி, அவ்வளவுதான். போட்டி நாள் முழுக்க மேடைக்குப் பின்னால் தண்ணீர்க் கேன் இருக்கும், குடிக்காதவனைக் கவனிக்க ஒரு ஆளும் இருப்பார். நீர் பிரிக்கிற மாத்திரையோடு பிடிபட்டால் ஊசியோடு பிடிபட்ட மாதிரிதான்.

நேற்று ராத்திரி படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கூடாது என்று சண்டை போட்ட அதே நண்பன் ஒரு வெற்றுப் படிவத்தை என் பக்கம் தள்ளினான். "40-க்கு மேல பிரிவுல ஆள் கம்மியா இருக்குடா, நில்லு." பெயர், வயது, உயரம், எடை எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். ஒன்பதாவது கேள்வி நான் டைப் அடித்ததுதான், கடைசியாக ஊசி போட்டது எப்போது. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் எழுதினேன்: 2012, ஆகஸ்ட். தேதி ஞாபகமில்லை. செவ்வாய்க்கிழமை, இடது பக்கம்.