அமுதவல்லி சுற்றிய மூன்று சுற்று

ஏற்காடு சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா முதலில் பார்த்தது வளைவைத்தான். நான் அதற்குப் பின்னால் பார்த்தேன். அங்கே வீடுகள் இருந்தன. கொடியில் துணி காய்ந்தது, ஒரு சிறுவன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயருக்கு மிச்சமாக நிற்பது அந்த நுழைவு வளைவு ஒன்றுதான். கிட்டப் போய்த் தூணில் கை வைத்தேன். வெயிலில் சூடேறியிருந்தது.

1930-களில் சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் கட்டி எழுப்பிய திரைப்பட நிறுவனம் இது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-ல் இங்கிருந்துதான் போனது. தமிழில் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. சென்னைக்குப் போகாமல், தறியும் மாம்பழமுமாக இருந்த ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்திருக்கிறார்கள். இங்கே வேலை பார்த்தவர்கள் சுந்தரத்தை ‘முதலாளி’ என்றுதான் சொல்வார்கள். அந்த முதலாளியும் இந்த வளைவு வழியாகத்தானே தினமும் போய் வந்திருப்பார்! அதை நினைத்ததும் தூணிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

ஆனால் நாங்கள் சேலத்துக்கு வந்தது வளைவுக்காக மட்டும் அல்ல, ஒரு பெண்ணுக்காக. அவள் பெயர் அமுதவல்லி. 1950-ல் வந்த ‘மந்திரி குமாரி’ படத்தின் மந்திரி மகள்.

எனக்கு அவளை முதலில் அறிமுகம் செய்தது வானொலி. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய ‘வாராய் நீ வாராய்’ பாட்டை இரவு நேரங்களில் அப்பா விரும்பிக் கேட்பார். ஜி.ராமநாதனின் இசை தாலாட்டுவது போல இருக்கும். காதலன் காதலியை நிலா வெளிச்சத்தில் உலாவக் கூப்பிடுகிறான் என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் படம் போட்டார்கள். அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அவன் அவளை அழைத்துப் போவது மலை உச்சிக்கு, அதுவும் தள்ளிக் கொல்வதற்கு என்று தெரிந்த நிமிடத்தில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை என்னால் பழைய மாதிரி கேட்க முடிந்ததில்லை.

அவளைக் கூட்டிப் போகும் பார்த்திபனாக நடித்தவர் எஸ்.ஏ.நடராஜன். ராஜகுருவின் மகன், இரவில் கொள்ளைக்காரன். கொள்ளையும் ஒரு கலைதான் என்று அப்பனிடமே வாதாடுகிறவன். கருணாநிதியின் வசனத்தை நடராஜன் பேசும்போது அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறதோ என்று ஒரு கணம் தோன்றிவிடும். அவருடைய வில்லத்தனம் உருட்டும் விழிகளில் இல்லை, குழைவில் இருக்கிறது. மலையேறும்போது அவர் முகத்தில் அவசரமே கிடையாது. மனைவியின் தோளைத் தொட்டு நடத்திச் செல்லும் கை அவ்வளவு மென்மையாக இருக்கிறது. நான் பார்த்த வில்லன்களில் என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தவர் அவர்தான். படத்தின் கதாநாயகன் எம்.ஜி.ஆர். வாள் வீச்சு, வீரம், நியாயம் எல்லாம் அவருக்கு உண்டு. ராஜகுருவாக நம்பியார் வேறு இருக்கிறார். என்றாலும் படம் முடிந்த பின் மனதில் நிற்பவர்கள் நடராஜனும், அமுதவல்லியாக நடித்த மாதுரிதேவியும்தான். தலைப்பே அவளுடையது அல்லவா!

அமுதவல்லி ஏமாந்த பெண் மட்டும் அல்ல என்பதை இரண்டாவது முறை பார்த்தபோதுதான் கவனித்தேன். பார்த்திபன் பிடிபட்டு நிற்கும்போது அவனைக் காப்பாற்ற, கோயிலில் அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தெய்வத்தின் குரலில் பேசுகிறவள் அவள். அந்தப் பொய்யால் குற்றவாளி தப்பிக்கிறான், எம்.ஜி.ஆர். நடித்த நேர்மையான தளபதி நாடு கடத்தப்படுகிறான். காதலுக்காகத் தெய்வத்தின் வாயால் பொய் சொன்னவள் அவள். மாதுரிதேவி அதற்குப் பிறகு சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பிலும் கொஞ்சம் பயம் கலந்திருப்பதாக எனக்குப் படும். மலை உச்சியில் தன்னைக் கொல்ல வந்த கணவனை அவளே முந்திக்கொண்டு தள்ளிவிடுகிறாள். அது தன் உயிருக்காக மட்டும் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று கோயிலில் தான் செய்ததையும் சேர்த்துத்தான் தள்ளுகிறாள்.

கதையின் வேர் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. நமக்குக் கிடைத்திருப்பவை 19 பாடல்கள்தான். காப்பியமே கரைந்து போயும், தன்னைக் கொல்ல வந்த கணவனை மலையிலிருந்து தள்ளிய அதன் நாயகி பத்திரை மட்டும் கரையவில்லை. அவள் கதை வேறு நூல்கள் வழியாக வந்து, சேலத்து ஸ்டுடியோவில் மறுபடி உயிர் பெற்றுவிட்டது. அதை இயக்கியவர்களில் ஒருவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கன், மற்றவர் சுந்தரம்.

மத்தியானம் ஏற்காடு பஸ் பிடித்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். அக்காவுக்குத் தலை சுற்றல், கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஜன்னலோரம். கீழே சேலம் ஒவ்வொரு திருப்பத்திலும் சிறுத்துக்கொண்டே போனது. மேலே வந்ததும் காற்று மாறிவிட்டது. காப்பித் தோட்டங்கள், உயர்ந்த மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள். ஊருக்குள் ஏரியும் படகும் கூட்டமுமாக இருந்தன. அங்கே நிற்காமல் ஒரு ஆட்டோ பிடித்துப் பகோடா பாயின்ட் போனோம்.

அந்தக் காட்சி எடுத்த பாறையைத் தேடி நான் வரவில்லை. ஓர் உச்சியின் விளிம்பில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பாறைச் சரிவு, அதற்குக் கீழே மரங்களின் தலைகள், அதற்கும் கீழே வெறும் புகை மூட்டம். கால் விரல்கள் செருப்புக்குள் தாமாக மடங்கிக்கொண்டன.

விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மரத்தடியில் சமதரையாக ஓரிடம் இருந்தது. அக்காவை நிற்கச் சொன்னேன். கணவனே தெய்வம், சாகும் முன் மூன்று முறை வலம் வர விடுங்கள் என்று அமுதவல்லி கேட்பாளே, அந்த மூன்று சுற்றையும் சுற்றிப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டேன். தள்ளுவதென்றால் அப்போதே தள்ளியிருக்கலாம். அமுதவல்லி தள்ளவில்லை. மறுபடி முன்னால் வந்து அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். மறுபடி பின்னால் போயிருக்கிறாள். மறுபடியும் முகம்.

“இப்போது நீ நில், நான் சுற்றுகிறேன்” என்றாள் அக்கா.

நின்றேன். அவள் முன்னால் வரும்போது கண்ணைப் பார்த்தேன். பின்னால் போனதும் சருகு மிதிபடும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது சுற்றிலும் அதே சத்தம். மூன்றாவது முறை என் முதுகுக்குப் பின்னால் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து அவள் கை என் தோளில் விழுந்தது.

“எப்படித்தான் மூன்று சுற்று வரைக்கும் பொறுத்தாளோ” என்றாள். அவள் குரல் தழுதழுத்திருந்தது.