வலி குறைஞ்சிடுச்சு, சத்தம் போகலையே!

தாடை வலியோடு வருபவர்கள் பெரும்பாலும் நேராகப் பல் டாக்டர்களான எங்களிடம் வருவதில்லை. காதுக்கு முன்னால் வலிப்பதால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து, 'காதில் ஒன்றுமில்லை' என்று கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்கு வருவார்கள். அதற்குள் பாதிப் பொறுமை போயிருக்கும். ஸ்பிளின்ட் போட்டுப் பார்க்கலாம் என்றால் உடனே, "எத்தனை நாள்ல சரியாகும்?"

பல்லை அடைத்தால் கூச்சம் நிற்கும், பிடுங்கினால் வலி போகும். பல் டாக்டரிடம் ஜனங்கள் பழகிய கணக்கு இது. ஸ்பிளின்ட் இதில் சேராது. அவரவர் பல் அளவுக்குக் கடினமான அக்ரிலிக்கில் செய்து, தூங்கும்போது மாட்டிக்கொள்கிற தகடு அது. தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கத்தை அது நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது. கடியைப் பல்லுக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்ளும். தாடைத் தசைக்கும் மூட்டுக்கும் சுமை குறையும். பலருக்குச் சில வாரங்களில் வலி மெல்ல இறங்கும், சிலருக்குப் பெரிய மாற்றம் தெரியாது. இதையெல்லாம் அளவு எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. தகட்டைக் கொடுத்த பிறகு சொன்னால், காசை வாங்கிக்கொண்டு நழுவுகிற மாதிரிதான் கேட்கும்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆனாலும் முகத்தில் தெளிவில்லை. "வலி பரவாயில்ல டாக்டரம்மா, டக்குடக்குனு அந்தச் சத்தம் போகலையே!" வாயைத் திறக்கச் சொல்லி மூட்டின் மேல் விரல் வைத்தேன். தாராளமாகத் திறந்தது; பாதி வழியில் விரலுக்கடியில் ஒரு துள்ளல், அவ்வளவுதான். மூட்டுக்குள் முன்னால் நகர்ந்திருக்கும் சவ்வுத்தட்டு, திறக்கும்போது இடத்துக்குத் திரும்புகிற சத்தம் அது. வலியும் இல்லை, வாய் திறக்கத் தடையும் இல்லை என்றால் பொதுவாக அதற்கு வைத்தியமே வேண்டாம். "அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும்ங்கிறீங்க?" என்றார். ஆமாம்மா என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்டு பார்ப்பவர் ஒருவருக்கு வேறு கவலை: "ராத்திரி பூரா முழிச்சிருப்பேனே மேடம், இதை எப்பப் போடறது?" பகலில் தூங்கினால் பகலில். முதல் சில நாள் எச்சில் ஊறும், தூங்கி எழுந்ததும் பல் இறுக்கமாகத் தெரியும் என்றும் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை தகட்டை மாட்டி, கடி எங்கே விழுகிறது என்று காட்டும் நீலத் தாளைக் கடிக்கச் சொன்னபோது ஒரு பக்கக் கடைவாயில் மட்டும் புள்ளி அழுத்தமாக விழுந்தது. தகட்டை அங்கே தேய்க்க ஆரம்பித்தவுடன், "புதுசுலயே தேய்க்கிறீங்களே, அளவு தப்பாயிடுச்சா?" என்றார். தசை தளரத் தளரத் தாடை உட்காரும் விதம் மாறும், அதற்கேற்பத் தகட்டையும் சரிசெய்தாக வேண்டும். இப்போது இதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

காசு கொடுத்து வாங்கும் தகட்டின் மேல் இருக்கும் நம்பிக்கை, இலவசமாகச் சொல்லும் யோசனையின் மேல் இருப்பதில்லை. பகலில் உதடு மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது, கடினமானதைக் கடிக்கக் கூடாது என்று சொன்னால் தலையாட்டுவார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு விளைகிற ஊர் வேறு. பொங்கல் முடிந்த வாரம், "கிளிப்பு லூசாயிடுச்சு போல, மறுபடி வலிக்குது" என்று வந்து நிற்பார்கள். போட்டுப் பார்த்தால் கச்சிதமாக உட்காரும். "கரும்பு கடிச்சீங்களா?" என்பேன். "ரெண்டு துண்டுதான் மேடம்." சாறு பிழிந்து குடிக்கலாமே என்று ஒவ்வொரு தையிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.