ஹெட்செட் மாட்டிக்கொண்டு பால் எடுத்த கதை

முதலில் அந்த 18 மில்லி தாய்ப்பாலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

பிரசவமாகி ஐந்தாம் நாள். தையல் சுருக்கென்று இழுக்க, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து எடுத்த பால். அதுவரை ஒரு தடவைக்கு 5 மில்லியைத் தாண்டியதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே மகள் இருந்த என்ஐசியூ (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசல்வரை நடந்து கொடுத்தேன். சிஸ்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லேபிள்ல டைம் எங்கம்மா?" என்றார். பெயர் இருந்தது, தேதி இருந்தது, மணி எழுதவில்லை. "இப்பதான் எடுத்தேன் சிஸ்டர், சூடுகூட ஆறலை" என்றேன். என் கண் முன்னாலேயே சிங்க்கில் ஊற்றிவிட்டார்.

விதி சரிதான். என் மகள் 29 வாரத்தில், 1,140 கிராமில் பிறந்தவள். அந்தக் குடலுக்குள் எத்தனை மணி நேரமானது என்று தெரியாத பால் போகக்கூடாது. ஆனால் அந்த விதியை முதல் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? ஆகவே: பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), தேதி, எடுத்த நேரம். பேனாவைப் பால் எடுக்கும் பம்ப்பின் பையிலேயே கட்டி வையுங்கள்.

சொல்லப்படாத இன்னொன்று, பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் பீச்ச ஆரம்பித்துவிட வேண்டும் என்பது. நான் ஆரம்பித்தது இரண்டாம் நாள் மாலை. முதல் ஒன்றிரண்டு நாளுக்குப் பம்ப்பைவிடக் கைதான் நல்லது. சீம்பால் சொட்டுச் சொட்டாக வரும்; பம்ப்பில் எடுத்தால் பாதி அதன் ஓரங்களிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. கையால் பீச்சி, சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுங்கள். அரை மில்லியாக இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் ஒரு நாளைக்கு எட்டு தடவைக்குக் குறையக்கூடாது, அதில் ஒன்று நள்ளிரவுக்கு மேல்.

எட்டு தடவை எடுத்தேன். வரவில்லை. பால் எடுக்க எங்களுக்குக் கொடுத்த இடம் ஸ்டோர் ரூமை ஒட்டி, ஒரு திரைக்குப் பின்னால். மருந்து பில் கட்டாதவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மானிட்டர் அலறும். ஒவ்வொரு அலறலும் என் குழந்தையுடையதுதான் என்று தோன்றும். கண் பாட்டிலை விட்டு நகராது. பாலை உண்டாக்குவது புரோலாக்டின் என்ற ஹார்மோன், உண்டானதை வெளியே தள்ளுவது ஆக்ஸிடாசின். வலியும் பதற்றமும் அமுக்குவது இந்த இரண்டாவதை. அம்மா பூண்டும் சுறாப்புட்டுமாகக் கொண்டுவந்து தள்ளினாள். சுறா என்ன செய்யும், அந்த ஒலிபெருக்கியை அல்லவா யாராவது அணைக்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு நாள் வரும் பாலூட்டல் ஆலோசகர்தான், வெளிநாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில் என்ஐசியூ தாய்மார்களுக்கு விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் வேறோர் இடத்திலேயே இருப்பதுபோல் காட்டும் கருவி) கொடுத்துப் பார்க்கிறார்கள் என்றார். புது மோகம் என்று நினைத்தேன். ஆனால் விஷயம் பழையதாம். 1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனதைத் தளர்த்தும் ஒலிநாடாவைக் கேட்ட குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கேட்காதவர்களைவிட 63 சதவீதம் அதிகப் பால் வந்திருக்கிறது. கேசட்டுக்கே அப்படியென்றால் பார்த்துவிடலாம் என்று, கேம் விளையாட வாங்கிய ஹெட்செட்டைத் தம்பியிடம் கேட்டேன்.

வார்டு வாசலிலேயே செக்யூரிட்டி மறித்தார். "இதுல கேமரா இருக்கா?" இருக்கிறதே! அவரைக் குறை சொல்ல முடியாது. அலுவலகத்தில் கேட்டால் நர்சிங் சூப்பிரண்டைக் கேளுங்கள் என்றார்கள். அவர் தொற்றுத் தடுப்புப் பிரிவைக் கேட்கச் சொன்னார். அங்கே போனால், அலுவலகக் கடிதம் எங்கே? இரண்டு நாள் போனது. கடைசியில் நானே எழுதிக் கொடுத்தேன்: அறைக்குள் மட்டும், என்ஐசியூ பக்கம் கொண்டுபோக மாட்டேன், எதையும் பதிவு செய்ய மாட்டேன், ஒவ்வொரு தடவையும் துடைப்பேன். கையெழுத்து விழ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீங்களும் கடிதத்தோடே போங்கள். துடைப்பதிலும் கவனம், சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சோடு லென்ஸுக்கே வந்துவிட்டார். ஸ்பிரிட் பட்டால் லென்ஸ் பூச்சு போய்விடும். முகத்தில் படும் பகுதிக்குக் கழுவக்கூடிய சிலிக்கான் உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தம்பி தேர்ந்தெடுத்து வைத்திருந்தது, ட்ரோனில் எடுத்த அருவி. மலை உச்சியிலிருந்து தலைகீழாக இறங்கியது. சிசேரியன் வயிற்றோடு வாந்தியை அடக்குவது எப்படி என்று அன்று தெரிந்துகொண்டேன். கேமரா அசையாமல் நிற்கும் காட்சி மட்டும் போதும். அதையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், ஆஸ்பத்திரி வைஃபையை நம்பினால் கடல் அலை பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். அறை விளக்கை அணைக்கவும் வேண்டாம், இருட்டில் ஹெட்செட்டுக்கு நாம் இருக்கும் இடம் தெரியாமல் எல்லைக் கோடு போடு, கோடு போடு என்று நச்சரிக்கிறது.

மறுநாள் படம் நன்றாகத்தான் ஓடியது. பம்ப்பின் புனல் நழுவியது மட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் கடற்கரையில் இருக்க, பால் நைட்டியில் ஓடியது. அம்மா ஒரு பழைய இறுக்கமான பனியனில் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தாள். புனல்கள் அதில் கச்சிதமாக நின்றன, இரண்டு கையும் விடுதலை. இதற்கென்றே விற்கும் உள்ளாடையின் விலையைப் பார்த்தபின் அம்மாவுக்குக் கோவில் கட்டலாம் போலிருந்தது.

அப்புறம் ஒழுங்கானது. கண்ணுக்குக் கடல், காதுக்கு ஃபோனில் பதிந்து வைத்திருந்த மகளின் சிணுங்கல். மூன்றாவது நிமிடத்தில் மார்பில் அந்தக் குறுகுறுப்பு. பாட்டில் கண்ணில் படாததுதான் பாதி மருந்து என்று நினைக்கிறேன். ஆனால் அதே வாரம் ஆலோசகர் புனல் அளவை 24 மில்லிமீட்டரிலிருந்து 21க்கு மாற்றினார், கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சில் போடவும் ஆரம்பித்தார்கள். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கழுத்து வலித்தது மட்டும் நிச்சயமாக ஹெட்செட்டால்தான், அரைக் கிலோ கனம்.

பதினாறாம் நாள் பாட்டிலை நீட்டினேன். அதே சிஸ்டர். லேபிளைப் படித்தார், மணியைச் சரிபார்த்தார், ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "உங்க தட்டு நிறைஞ்சு போச்சும்மா. இதை வீட்டு ஃப்ரீசர்ல வச்சுக்கிறீங்களா?"