ஃபெரட்டோடு முயல் பிடிக்க நாய் தேடிய அலைச்சல்

ஃபெரட் என்பது கீரி மாதிரி நீண்டு ஒல்லியான ஒரு வளர்ப்புப் பிராணி. முயல் வளையின் வாய்களில் வலை விரித்து அதை உள்ளே விட்டால், பயந்து வெளியே பாயும் முயல் வலையில் சிக்கும். ஃபெரட் இரண்டு, சுருக்கு வலை முப்பது, ஃபெரட்டின் கழுத்துப்பட்டைக்கு ரிசீவர் என்று எல்லாம் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. நாய் அமையத்தான் இரண்டு சீசன் பிடித்தது. இங்கிலாந்தில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். செடிகொடி பட்டுப்போய் வளைவாய்கள் கண்ணுக்குத் தெரியும், வளைக்குள் குட்டிகளும் குறைவாக இருக்கும். தப்பான நாயைப் பிடித்தால் ஒரு வருஷம் போச்சு.

நான் செய்த முதல் பிழை, இனத்தின் பெயரை விசாரித்ததுதான். விசாரித்திருக்க வேண்டியது வேலையை. ஃபெரட்டோடு போகும் நாய்க்கு ஓட்டம் மூன்றாம்பட்சம். வளைக்குள் முயல் இருக்கிறதா இல்லையா என்று மூக்கால் சொல்ல வேண்டும். இங்கே இதை ‘மார்க்’ என்பார்கள். அடுத்து, வலை விரித்து ஃபெரட்டை உள்ளே விட்டதும் மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். வலைக்குத் தப்பியதைத் துரத்துவது அதற்குப் பிறகு. அந்தத் துரத்தலும் பக்கத்து வளை வரைக்கும்தான், பெரும்பாலும் இருபது முப்பது மீட்டர்.

முயலுக்குக் குட்டை டெரியர்தான் என்று சொன்னதைக் கேட்டு, ஒரு ஜாக் ரஸலை இரவல் வாங்கிப் போனேன். டெரியர் மண்ணுக்குள் புகுவதற்கென்றே வளர்த்த இனம். முயல் வளையின் வாய் சாதாரணமாக 10–15 செ.மீ. தான் இருக்கும், ஆனால் மணல் நிலத்துப் பழைய வளைகள் உள்ளே அகன்றுபோயிருக்கும். நெஞ்சு குறுகிய நாய் நுழைந்துவிடும், திரும்ப இடமிருக்காது. ஃபெரட்டின் கழுத்தில் சிக்னல் பட்டை உண்டு. நாயின் கழுத்தில் ஏது? மண்ணில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு மூன்று மணி நேரம் தோண்டினோம். அன்று வளையிலிருந்து வெளியே எடுத்தது அந்த நாய் ஒன்றைத்தான். உள்ளே போகாத டெரியராக இருந்தாலும் வளைவாயில் நின்று குரைக்கிற பழக்கம் இருந்தால் வேண்டாம். மேலே சத்தம் கேட்டால் முயல் வெளியே பாயாது, மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடும். ஃபெரட் அதை உள்ளேயே கொன்று, தின்று, அங்கேயே தூங்கும். அப்புறம் மண்வெட்டிதான்.

அடுத்து விப்பெட், ஒல்லியான சின்ன ஓட்ட நாய். நிற்கும், குரைக்காது, திரும்பும் லாகவமும் உண்டு. குறை தோலில். காகிதம் மாதிரித் தோல். முள்வேலி ஓரமாக ஒரே பாய்ச்சல், விலாவில் ஒரு சாண் கிழிசல், தையலுக்குப் பிறகு மூன்று வாரம் ஓய்வு. புல்வெளியும் மண்மேடுமான நிலமென்றால் இன்றும் விப்பெட்டைத்தான் சொல்வேன். நாங்கள் போவது முட்புதர் வேலிகள் நிறைந்த நிலம்.

கிரேஹவுண்ட், விப்பெட் மாதிரி ஓட்ட நாயோடு வேறு இனம் கலந்ததை லர்ச்சர் என்பார்கள். கிரேஹவுண்ட் கலந்த பெரிய லர்ச்சர் 26 அங்குல உயரம் இருக்கும். அது வேகம் பிடிப்பதற்குள் முயல் அடுத்த வளைக்குள் போயிருக்கும், திரும்பும்போது கால்விரல் சுளுக்கும். புதரைக் கலைக்க ஸ்பேனியலை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வலை விரித்த இடத்தில் அதைச் சும்மா நிற்கவைப்பது பெரும்பாடு.

கடைசியில் வந்து நின்றது பெட்லிங்டன்–விப்பெட் கலப்பில். பெட்லிங்டனைப் பார்த்தால் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்க ஊர்க்காரர்கள் வளர்த்த முரட்டு டெரியர் அது. அதன் சுருட்டை மயிர் முள்ளைத் தாங்கும், விப்பெட் பக்கத்திலிருந்து கால் வரும். 18 முதல் 21 அங்குலம் வரை சரியான உயரம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்லிங்டனுக்குக் கல்லீரலில் தாமிரம் தேங்கும் பரம்பரை நோய் உண்டு. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அந்த மரபணு வந்தால்தான் நோய் தாக்கும், ஆகவே முதல் கலப்புக் குட்டிக்குப் பயமில்லை. அதை மறுபடி பெட்லிங்டனோடு சேர்த்த முக்கால் கலப்பு என்றால் பெற்றோரின் மரபணுச் சோதனைத் தாளைக் கேளுங்கள்.

தேடல்தான் பெரிய எரிச்சல். ஒரு காப்பகத்தில் நான்கு பக்கப் படிவத்தை முழுக்க நிரப்பவைத்த பிறகுதான், வேட்டை வேலைக்கு நாய் தருவதில்லை என்றார்கள். அதை முதல் வரியிலேயே போட்டிருக்கலாம். அடுத்தவர் 140 மைல் தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்குக்கு வரச்சொன்னார். கூடையில் குட்டி இருந்தது, தாயைக் காணோம். குட்டியின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப் வேறு யாரோ ஒருவரின் பெயரில் பதிவாகியிருந்தது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து, ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை வியாபார இடைத்தரகர் விற்கக்கூடாது. வளர்ப்பவரிடம், பிறந்த இடத்தில், தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் சிப் வைத்து முதல் பதிவு வளர்ப்பவரின் பெயரில் இருக்க வேண்டும். வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாவது இடத்தில் தாய் இருந்தது, ஆனால் ஃபெரட் கூண்டைக் கண்டதும் கம்பியைக் கடித்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். நான்காவது வீட்டில் தாய் நாய் வளையை மார்க் பண்ணுவதை நேரில் காட்டினார்கள். அங்கேதான் எடுத்தேன், பெண் குட்டி.

ஃபெரட்டோடு பழக்குவதற்கு முன் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரட்டைக் கொன்றுவிடும். முதலில் வயசான, சாதுவான ஃபெரட்டாக எடுங்கள். அதன் தலையை உங்கள் கைப்பிடிக்குள் மறைத்து, பின்பக்கத்தை மட்டும் குட்டிக்கு முகரக் கொடுங்கள். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால் பாராட்டுங்கள். தினம் ஐந்து நிமிஷம் போதும். ஃபெரட் மூக்கைக் கடித்துப் பாடம் கற்பிக்கட்டும் என்று விடுகிறவர்கள் உண்டு. சில குட்டிகள் அந்தக் கடியை மறப்பதே இல்லை, வளர்ந்தபின் ஒரே குலுக்கலில் தீர்த்துக்கொள்ளும். ஒரு வயதுவரை கடும் ஓட்டம் வேண்டாம். முதல் சீசனில் வலைக்குப் பக்கவாட்டில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி நிற்கப் பழகினால் போதும். வளைவாய்க்கு எதிரே நின்றால் நிழல் விழும், முயல் வந்த வழியே திரும்பும்.

காகிதம் கையில் இல்லாததால் ஒரு காலைப்பொழுது வீணானதையும் சொல்கிறேன். 2004 வேட்டைச் சட்டத்தில் முயலுக்கு விலக்கு உண்டு, ஆனால் நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும் அல்லது உரிமையாளரோ குத்தகைதாரரோ அனுமதித்திருக்க வேண்டும். எனக்கு அனுமதி வாய்மொழியில்தான் இருந்தது. லர்ச்சரோடு வண்டியைக் கண்டால் போலீசுக்கு முதல் சந்தேகம், வளையில் வாழாத வேறு இனமான காட்டுமுயலை (ஹேர்) நாய் விட்டுத் துரத்துவதுதான். 2022-இல் அதற்குத் தண்டனையைக் கூட்டினார்கள். விவசாயி போனை எடுக்கும்வரை ஒரு மணி நேரம் கேட்டருகே நின்றேன். இப்போது கையெழுத்திட்ட கடிதம், வயல் வரைபடம், சிப் தாள் மூன்றும் வண்டியிலேயே இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 2023 சட்டம் முயலையும் சேர்த்துவிட்டது, அங்கே போகிறவர்கள் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவர்கள் சிப்பிப்பாறையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அங்கே முயல் வேட்டையே குற்றம்.

இன்னொன்று: முகர்ந்து பார்த்து ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று நாய் நகர்ந்துவிட்ட வளையில் ஃபெரட்டை விடாதீர்கள். இரண்டு முறை அப்படிச் செய்தால், தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று நாய் மார்க் பண்ணுவதையே விட்டுவிடும். இது எனக்குத் தெரிந்தும், போன ஜனவரியில் ஒன்பது வாய் உள்ள வளை ஒன்றில் எல்லா வாய்க்கும் வலை போட்டேன். என் நாய் ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டுப் போய்விட்டாள். புதிதாய்ப் புழுக்கை கிடக்கிறதே என்று ஃபெரட்டை விட்டேன். பத்து நிமிஷத்தில் அது கொட்டாவி விட்டுக்கொண்டு மறுபக்கம் வந்தது. அவளோ ஆறேழு மீட்டர் தள்ளி ஒரு ஹாதார்ன் முள்மரத்தின் வேரடியில் நின்றாள். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது, முன்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில், வாலில் அசைவே இல்லை. குனிந்து சருகை விலக்கினேன். பத்தாவது வாய். அதற்கு நான் வலை போட்டிருக்கவில்லை.