ஆள் கணக்கு

ஒரு நாடகத்துறை இந்த ஆண்டு என்னென்ன நாடகம் போடுகிறது என்ற பட்டியலைப் பார்த்தால் அது ரசனைப் பட்டியல் மாதிரித் தெரியும். விளக்குப் போடுகிறவனாக அங்கே வேலை பார்க்கிற எனக்கு அது ஆள் கணக்கு.

பேராசிரியர் இயக்கும் நாடகத்துக்கு ஜூனியர், சீனியர் என இரண்டு வகுப்பும் முழுசாக வரும். அதனால் அவர் இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'யை எடுக்கலாம், கிரிஷ் கார்னாட் 1964இல் எழுதிய 'துக்ளக்'கையும் எடுக்கலாம். மேடையில் கூட்டம் வேண்டுமென்றால் கூட்டம் நிற்கும். முதுகலை இறுதியாண்டு மாணவர் கதை வேறு. இயக்கம் அவருக்குத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து மதிப்பெண் போடுவார். ஆனால் நடிகர்களை அவரேதான் பிடிக்க வேண்டும். நன்றாக நடிக்கிற ஜூனியர் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், எல்லா சீனியரும் அவர்களையே கேட்பார்கள். ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' நாடகத்தைப் போட ஆசைப்பட்டு, ஆள் சேராமல் ஒற்றை ஆள் நடிக்கும் சிறுகதைக்கு இறங்கியவர்கள் உண்டு. பார்வையாளர்கள் அதைப் 'பரிசோதனை முயற்சி' என்பார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியைத் தொடங்கியபோது இந்தப் பஞ்சம் இல்லை. பையன்கள் கம்பெனியோடு தங்கிச் சாப்பிட்டு, பாட்டும் வசனமும் பாடம் பண்ணினார்கள். இங்கே ஹாஸ்டல், வருகைப் பதிவு, ஊரில் அக்கா கல்யாணம் எல்லாம் உண்டு. ஒத்திகையும் இரவு எட்டுக்கு மேல்தான், அதுவும் வராண்டாவில். அரங்கம் பேராசிரியர் நாடகத்திடம் இருக்கும்.

தேர்வு நாட்களில் ஒரே மாலையில் மூன்று நாடகம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எங்கள் டிம்மரில் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு இணைப்புக்கு, இரண்டு பார் (PAR) மேடை விளக்குதான் தாங்கும். ஒவ்வொன்றும் 1000 வாட். மூன்றாவதை மாட்டினால் ஃபியூஸ் போய்விடும். எனவே மேடை முழுவதற்கும் பொதுவாக ஒரு வெளிச்சம் கட்டிவிட்டு, மீதியை ஆளுக்கு நான்கு விளக்காகப் பிரித்துக் கொடுப்பேன். "அண்ணே, எனக்கு இன்னொன்னு மட்டும், அந்தச் சாவு சீனுக்கு" என்று பேரம் நடக்கும். எல்லோரும் நீலம் கேட்பார்கள். சோகம், ராத்திரி, கனவு, ஃபிளாஷ்பேக், எல்லாமே அவர்களுக்கு நீலம்தான். இடைவேளையில் ஏணியை உருட்டிக்கொண்டு போய் விளக்கின் முன்னால் இருக்கும் வண்ணத் தாளான ஜெல்லை மாற்றுவதற்குள், முந்தின நாடகத்தில் கிழவனாக நடித்த பையன் அடுத்த நாடகத்தின் மாப்பிள்ளை வேடத்துக்காக முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருப்பான். அவனுக்கு மதிப்பெண் கிடையாது. தேர்வு இயக்குநருக்குத்தான்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காதது அந்த ஒன்றுதான். மற்றபடி, ஆள் இல்லாமல் இயக்கப் பழகுவது கெட்ட பயிற்சி என்று சொல்லமாட்டேன். பேராசிரியர் நாடகத்தில் நேரத்துக்கு வருவதையும் மேடையின் பக்கவாட்டு மறைவான விங்கில் சத்தம் போடாமல் நிற்பதையும் கற்கிறார்கள். வராத நடிகனை எப்படி வரவைப்பது என்பதை அங்கே கற்க முடியாது, ஏனென்றால் அங்கே எல்லோரும் வந்துவிடுவார்கள்.

ஆனால் பேராசிரியர் நாடகமும் மாணவர் தேர்வும் மோதுவது காலண்டரால். ஒதுக்கிய பணத்தை மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும். அதனால் பெரிய நாடகம் பிப்ரவரி, மார்ச்சில் வந்து உட்காரும். மாணவர் தேர்வும் அதே சமயத்தில்தான். பெரிய நாடகத்தை ஆகஸ்டுக்கு மாற்றினால் ஜூனியர்கள் அதிலேயே ஓரளவு தேறிவிடுவார்கள், சீனியர்களும் யார் யாருக்கு என்ன வரும் என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். இதைத் துறைத் தலைவரிடம் சொன்னேன். "நல்லதுதான், ஆகஸ்டில் பணம் யார் தருவார்?" என்றார். செட்டைக் குறைக்கலாம், இருக்கிற மரப் பிளாக்குகளை வைத்தே போடலாம் என்றேன். விளக்குக்கு வாடகை வேண்டாமே, எல்லாம் நம்மிடம் இருக்கிறதே என்றும் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்திருக்கிறேன்.