வேனுக்கு ஜி.பி.எஸ். பொருத்தியது: ஆண்டெனாவுக்கு இடம் தேடிய மூன்று வாரங்கள்

படுக்கையும் சிறு சமையல் மேடையும் அமைத்து, குடும்பத்தோடு தங்கிப் போகும் பயண வண்டியாக மாற்றி வருகிற எங்கள் பழைய வேனில், வழிகாட்டும் கருவியை ஒருவழியாகப் பொருத்தி முடித்தேன். இதுவரை கைப்பேசியை வைத்தே சமாளித்து வந்தோம். ஆனால் கண்ணாடியோரம் மாட்டிய கைப்பேசி, செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் வெயிலில் கொதித்துத் திரையைத் தானே மங்கலாக்கிக்கொள்ளும். மலையேறினால் சிக்னலும் போய்விடும்.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் "வேனுக்கு ஜி.பி.எஸ். வேண்டும்" என்று கேட்டபோது, ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் ட்ராக்கரைத்தான் எடுத்துக் காட்டினார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று உரிமையாளருக்குச் சொல்லும் பெட்டி அது. ஓட்டுபவருக்கு வழி சொல்லாது. பயணிகளை ஏற்றும் வாடகை வண்டிகளில் ட்ராக்கரைக் கேட்கும் ஏ.ஐ.எஸ். 140 விதியால் வாடகை வண்டிக்காரர்கள் அதைத் தேடி வருவதால், கடைக்காரர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. "நேவிகேஷன்" என்று சொன்ன பிறகே ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் மேசைக்கு வந்தன. அவற்றுள் 7 அங்குலத் திரையும், பின்புறம் ஆண்டெனாவுக்குத் தனி இணைப்பும் உள்ள ஒன்றை எடுத்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் தமிழ்நாட்டுப் பகுதியை வீட்டிலேயே இறக்கி, ஆஸ்மாண்ட் செயலியில் ஏற்றி வைத்தேன். இணையம் இல்லாமல் வழி காட்டுவதோடு, வண்டியின் உயரத்தை அதில் பதிந்து வைத்தால் தாழ்வான பாதைகளைப் பற்றி எச்சரிக்கும் என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். கூரைமேல் சோலார் பலகையோடு எங்கள் வேனின் உயரம் 2.72 மீட்டர், ரயில்வே சுரங்கப்பாதையின் முகப்பில் குறுக்கே நிற்கும் இரும்புக் கம்பியைக் கண்ட பிறகு பின்னால் எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதைச் சென்னையில் உயரமான வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள். எனினும் வரைபடத்தில் யாராவது உயரத்தைக் குறித்து வைத்த இடங்களில் மட்டுமே இந்த எச்சரிக்கை பலிக்கும் என்பதால், கண்ணையும் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஒயர் வேலை அரை நாளில் முடிந்தது: மஞ்சள் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் இணைப்புக்கு, கறுப்பு எர்த்துக்கு. தொல்லை ஆண்டெனாவிடமிருந்து வந்தது. தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பொருத்தித் தந்தவர், வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று டேஷ்போர்டுக்குள் யு.எஸ்.பி. சார்ஜரின் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார். வீட்டு வாசலில் ஒழுங்காக வேலை செய்தது, கைப்பேசியைச் சார்ஜில் போட்டதும் இடத்தை இழந்து தடுமாறியது. செயற்கைக்கோள்களின் சிக்னல் வலிமையைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு சார்ஜரைச் செருகியும் பிடுங்கியும் பார்த்தேன். பிடுங்கினால் 40-ஐ ஒட்டி நின்ற எண்கள், செருகியதும் 20-களுக்குச் சரிந்தன. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும் அந்த அலை அத்தனை மெலிந்தது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் மலிவான சார்ஜர் எழுப்பும் மின்இரைச்சலே அதை மூழ்கடித்துவிடுகிறது. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில், 30 நொடிக்கு ஒரு சுற்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இடையில் ஒரு துண்டு தவறினாலும் அது மறுபடி வரும்வரை கருவி காத்திருக்க வேண்டும். காலையில் முதல் இடத்தைக் கண்டுபிடிக்க அது ஏன் பத்து நிமிடம் திணறியது என்பது அப்போதுதான் விளங்கியது.

முதலில் கூரைக்கு அடியில் ஒட்டிப் பார்த்தேன். இரும்புத் தகடு வானத்தையே மறைத்துவிட்டது. அடுத்து முன்கண்ணாடியின் மேல்விளிம்பு. அங்கே ஒட்டியிருந்த வெப்பத்தடுப்புப் படலத்தில் உலோகப் பூச்சு இருந்தது போலும், எண்கள் 30-ஐத் தாண்டவில்லை. கடைசியில் படலம் இல்லாத கீழ்ப்பகுதியில், டேஷ்போர்டின் இடது மூலையில், முகம் வானத்தைப் பார்க்கும்படி வைத்தேன். சார்ஜரிலிருந்து இரண்டு முழம் தள்ளி இருக்கிறது. இப்போது அரை நிமிடத்துக்குள் இடம் பிடிக்கிறது. அழகாக இல்லை என்பது மனைவியின் கருத்து, மறுக்க முடியவில்லை.

இன்னொரு பாடம் பேட்டரியில் கிடைத்தது. பத்து நாள் நிறுத்தியிருந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மல்டிமீட்டரை மஞ்சள் ஒயரில் கோத்துப் பார்த்தால், சாவியை எடுத்த பிறகும் 0.3 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்கு 7 ஆம்பியர்-மணி வீதம் பத்து நாளில் 70 போய்விடும். ஸ்டீரியோ அணையாமல் உறக்க நிலையில் இருந்ததே காரணம். அமைப்பில் அதை மாற்றி, பாதுகாப்புக்கு மஞ்சள் ஒயரில் ஃபியூஸுக்கு அடுத்து ஒரு சுவிட்சும் வைத்துவிட்டேன்.

சோதனைக்காக ஏலகிரிக்குப் போய் வந்தோம். 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், சிக்னல் இல்லாத இடங்களிலும் பிசகவில்லை. திரும்பும்போது சென்னையின் கத்திப்பாரா மேம்பாலத்தில்தான் தடுமாறியது: பாலத்தின் மேலே போகும் எங்களைக் கீழ்ச்சாலையில் காட்டி, இல்லாத திருப்பத்தில் திரும்பச் சொன்னது. உயரத்தைக் கணிப்பதில் ஜி.பி.எஸ். எப்போதும் சற்று மட்டம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சாலைகள் போகும் இடத்தில் எது நம்முடையது என்று வரைபடம் ஊகிக்கத்தான் வேண்டும். "அப்பா, அது சொல்றத விடுங்க, போர்டைப் பாருங்க" என்றாள் பின்னாலிருந்து மகள். போர்டைப் பார்த்தே கிண்டிப் பக்கம் இறங்கினோம்.