யார் எழுதும் பக்கம் இது?

நவம்பர் 3, 2025 – திங்கள்

பழைய தரவுப்பதிவு அட்டை ஒன்றை லினக்ஸில் இயக்கும் நிரல், அதாவது அதன் டிரைவர், இன்று முதல் என் பொறுப்பு. முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு குழுவுக்குப் போய்விட்டார். ஒரே மின்னஞ்சலில் வேலை கைமாறியது. அட்டை, சிக்னலின் அளவீடுகளை (அவைதான் மாதிரிகள்) பிடித்து நினைவகத்தில் கொட்டும். டிரைவர் அவற்றை ஒரு ரிங் பஃபராக, அதாவது கடைசி இடம் நிரம்பியதும் முதல் இடத்துக்கே திரும்பும் வட்ட வரிசையாக, பயனர் நிரலுக்கு நேரடியாகத் தெரியும்படி மேப் செய்து கொடுக்கும். நகலெடுக்கும் செலவு இல்லை. அந்த அளவில் நல்ல வடிவமைப்புதான்.

பொது அறிவிப்புகள் இருக்கும் ஹெடரைத் திறந்ததும்தான் தலைவலி. டிரைவர், பயனர் நூலகம், அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேர் மூன்றும் ஒரே ஹெடர் கோப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. மூன்று குடித்தனத்துக்கு ஒரே அடுப்படி. அட்டையைக் கட்டுப்படுத்தும் ரிஜிஸ்டர்களின் முகவரிகளும் அதில்தான், கட்டளை எண்களும் அதில்தான், டிரைவரின் சொந்தப் பூட்டான ஸ்பின்லாக்கும் அதில்தான். டிரைவரும் பயனர் நிரலும் பகிரும் நினைவகத்தின் அமைப்பைச் சொல்லும் ஸ்ட்ரக்சருக்குள் ‘லாங்’ வகையில் இரண்டு புலங்கள் இருக்கின்றன. 32 பிட் நிரலுக்கு அது 4 பைட், 64 பிட்டுக்கு 8 பைட். போதாததற்கு, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் முகவரி ஒன்று பாயிண்டராக வேறு. கெர்னல் முகவரியைப் பயனர் நிரலின் கண்முன்னே வைப்பது, தாக்க வருபவனுக்கு வழி சொல்லிக்கொடுப்பது. முதல் வேலையாக அதை எடுத்துவிட்டேன். எதுவும் உடையவில்லை, யாருமே அதைப் பயன்படுத்தவில்லை!

நவம்பர் 5 – புதன்

வாடிக்கையாளர் புகார் ஒன்று நெடுநாளாகத் திறந்தே கிடக்கிறது. எப்போதாவது ஒரு மாதிரி, பஃபரின் முந்தைய சுற்றில் இருந்த மதிப்போடு வந்து சேர்கிறதாம். எங்கள் மேசைகளில் ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை. நம்மிடம் இருப்பது எக்ஸ்86 செயலி, அவர்களிடம் இருப்பது ஆர்ம்64 செயலி என்ற வரியைப் படித்ததுமே எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

பஃபரில் அடுத்து எழுத வேண்டிய இடத்தைச் சொல்லும் எண் தலைக்குறியீடு, அடுத்து படிக்க வேண்டியதைச் சொல்வது வால்குறியீடு. எங்கள் குழுவின் இளையவன் தூத்துக்குடிக்காரன். “அக்கா, தலைக்குறியீட்டுக்கு வோலட்டைல் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?” என்றான். நல்ல கேள்வி. பத்து வருட அனுபவக்காரர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். வோலட்டைல் என்ற சொல், நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் கையை மட்டும்தான் கட்டும். செயலி தான் நினைவகத்தில் எழுதியவற்றைத் தன் விருப்பப்படி முன்பின்னாக வெளிக்காட்டுவதை அது தடுக்காது. கெர்னலின் ஆவணத் தொகுப்பிலேயே வோலட்டைல் வேண்டாம் என்று விளக்க ஒரு தனிப் பக்கம் இருக்கிறது.

நடப்பது இதுதான். டிரைவர் முதலில் இடத்தை நிரப்புகிறது, பிறகு தலைக்குறியீட்டை ஒன்று கூட்டுகிறது. எக்ஸ்86-இல் செயலியின் ஒரு மையம் எழுதிய வரிசையிலேயே மற்ற மையங்கள் அவற்றைக் காணும்; ஆர்ம் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. குறியீடு கூடியது முதலில் தெரிந்து, நிரப்பியது பிறகு தெரியலாம். அந்த இடைவெளியில் படிப்பவனுக்குப் பழைய சுற்றின் மதிப்புதான் கிடைக்கும்.

மருந்து இரண்டு பக்கமும் போட வேண்டும். எழுதுபவர் குறியீட்டை, முன்பு எழுதியவை தெரிந்த பிறகே அதுவும் தெரியும்படி செய்யும் ‘ஸ்டோர் ரிலீஸ்’ கொண்டு எழுத வேண்டும், படிப்பவர் அதைப் படித்த பிறகே மற்றவற்றைப் படிக்கும்படி செய்யும் ‘லோட் அக்வயர்’ கொண்டு படிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் போடாததற்குச் சமம். எதிர்த்திசையிலும் இதே கதைதான்: பயனர் நிரல் படித்து முடித்துத்தான் வால்குறியீட்டை நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் படித்துக்கொண்டிருக்கும் இடத்தின் மேலேயே டிரைவர் எழுதிவிடும். அட்டைக்கும் டிரைவருக்கும் நடுவிலும் ஓர் எல்லை இருக்கிறது. ஒவ்வொரு பரிமாற்றத்தையும் குறித்துவைக்கும் விவரிப்பானில் ‘முடிந்தது’ என்ற பிட்டைப் பார்த்த பிறகு மற்ற புலங்களைப் படிக்கும் முன் டிஎம்ஏ படிப்புக்கான பாரியர், அதாவது அட்டை நேரடியாக நினைவகத்தில் எழுதியவற்றை வரிசை மாறாமல் படிக்க வைக்கும் தடுப்பு, வேண்டும். பழைய நிரலில் அது இல்லவே இல்லை.

நவம்பர் 7 – வெள்ளி

மழை. பெங்களூரு மெட்ரோவின் ஆர்.வி. ரோடு நிலையத்தில் மஞ்சள் தடத்துக்கு மாறும் இடத்தில் நல்ல கூட்டம். அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மூன்று தடங்களில் மாறிப் போக வேண்டியிருந்தாலும், நெரிசலுக்குப் பெயர்போன சில்க் போர்டு சிக்னலைத் தலைக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டே கடப்பதில் ஒரு சின்னப் பழிவாங்கல் இருக்கத்தான் செய்கிறது.

பாரியர்களைச் சேர்த்து ஆர்ம் பலகையில் இரவு முழுக்க ஓடவிட்டதில் புகார் திரும்பவில்லை. அதை மட்டும் நம்பிக் கோப்பை மூட எனக்கு மனமில்லை. கெர்னலுக்குள்ளேயே 2018 முதல், 4.17 பதிப்பிலிருந்து, எழுதியவை எந்தெந்த வரிசையில் தெரியலாம் என்று வரையறுக்கும், முறைப்படுத்திய நினைவக மாதிரி (மெமரி மாடல்) ஒன்று இருக்கிறது. எங்கள் குறியீட்டு நடனத்தை லிட்மஸ் சோதனை எனப்படும் சிறு நிரலாக எழுதி, அந்த மாதிரிப்படி நடக்கக்கூடிய விளைவுகளை எல்லாம் ஆராயும் ஹெர்ட்7 கருவியிடம் கொடுக்கச் சொன்னேன். தூத்துக்குடித் தம்பி மதியத்துக்குள் எழுதிவிட்டான். பழைய மதிப்பு வருவதைப் பற்றிக் கருவி, பழைய வடிவத்துக்கு ‘சில சமயம் நடக்கும்’ என்றது, புதியதற்கு ‘ஒருபோதும் நடக்காது’ என்றது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நவம்பர் 10 – திங்கள்

இன்று ஸ்ட்ரக்சரைப் பிரித்தேன். பழைய அமைப்பில் தலைக்குறியீடு, வால்குறியீடு, பிழை எண்ணிக்கை, அட்டையின் நிலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பெயரைப் பார்த்தால் பொருத்தமான அடுக்கல்தான். நான் ஒவ்வொரு புலத்திடமும் கேட்ட கேள்வி ஒன்றே: உன்னை எழுதுவது யார்? இரண்டு பேர் எழுதும் புலம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் பாதி பூட்டுகள் தேவையற்றுப் போகின்றன.

அந்தக் கேள்வியின் விடைப்படி புலங்கள் இரண்டு கூட்டமாகின. கெர்னல் எழுதுபவை ஒரு பக்கத்தில், பயனர் எழுதுபவை இன்னொரு பக்கத்தில். நான் சொல்வது நினைவகப் பக்கம். தலையும் வாலும் ஒரே கேஷ் லைனில், அதாவது செயலி ஒன்றாகவே எடுத்துவைக்கும் 64 பைட் துண்டில், இருந்தபோது, இரண்டு மையங்கள் அந்த லைனை ஓயாமல் பிடுங்கிக்கொண்டிருந்தன. அது தானாகவே நின்றது. அதைவிடப் பெரிய லாபம், கெர்னல் எழுதும் பக்கத்தைப் பயனருக்குப் படிக்க மட்டுமே தர முடிகிறது. எழுதும் உரிமையோடு மேப் கேட்டால் டிரைவர் மறுத்துவிடும். அது மட்டும் போதாது, பின்னால் எழுதும் உரிமை தரலாம் என்று சொல்லும் ‘மே-ரைட்’ கொடியையும் நீக்க வேண்டும். நீக்காவிட்டால் படிக்கக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு உரிமைகளை மாற்றும் எம்ப்ரொடெக்ட்டை அழைத்து எழுதும் உரிமையைப் பெற்றுவிடலாம். கெர்னலின் 6.3 பதிப்பிலிருந்து இந்தக் கொடிகளை நேரடியாகத் தொட முடியாது, அதற்கான செயற்கூறு வழியாகத்தான் போக வேண்டும். மேப் கேட்கும் நீளத்தையும் தொடக்க இடத்தையும் சரிபார்க்கும் வரிகளும் இல்லாமல் இருந்தன, சேர்த்தேன்.

பயனர் எழுதும் வால்குறியீட்டை நம்பவே கூடாது. ஒருமுறை ‘ரீட் ஒன்ஸ்’ கொண்டு உள்ளூர் மாறிக்கு எடுத்துக்கொள், அதைச் சோதி, அதையே பயன்படுத்து. மீண்டும் பகிர்ந்த இடத்தை எட்டிப் பார்த்தால், சோதித்தது ஒன்று, பயன்படுத்தியது வேறொன்று என்று ஆகிவிடும். தலைக்குறியீட்டுக்கும் டிரைவர் தன் சொந்தப் பிரதி ஒன்றை வைத்திருக்கிறது. பகிர்ந்த இடத்தில் அறிவிக்க மட்டும் எழுதும்.

நவம்பர் 13 – வியாழன்

அதே கேள்வியை ஹெடரிடமும் கேட்டேன். யார் படிக்கிறார்களோ அவர்களுக்கு வேண்டியது மட்டும். பூட்டுகளும் பட்டியல்களும் டிரைவரின் சி கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு தனி ஹெடரில். ரிஜிஸ்டர்களும் விவரிப்பான் வடிவமும் இன்னொன்றில். விவரிப்பானின் புலங்கள் லிட்டில் எண்டியன் (மதிப்பில் சிறிய பைட் முதலில்) என்று குறிக்கப்பட்டவை, செயலியின் வரிசைக்கு மாற்றாமல் தொட்டால், நிரலைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவி கத்தும். பயனர் பார்ப்பது மூன்றாவதில், அளவு நிச்சயமான வகைகள் மட்டும். கெர்னலே இந்தப் பிரிவினையை 2012-இல் 3.7 பதிப்பில் செய்துகொண்டது. கெர்னல் நிரலாளர் டேவிட் ஹோவெல்ஸ் பயனருக்கானவற்றை யூஏபிஐ (பயனர் பக்க இடைமுகம்) என்ற தனி அடைவுக்கு நகர்த்தினார். அதற்கு முன்பு ஒரே கோப்புக்குள் நிபந்தனை வரிகள் போட்டு மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபர்ம்வேர் குழுவின் மதுரை அக்கா கீழே இறங்கி வந்துவிட்டார். “உன் யூஏபிஐ ஹெடரையும் சேர்த்துக்கொள்கிறேன், கட்டளை எண்கள் வேண்டுமே” என்றார். “வேண்டாம் அக்கா, அந்த எண்களை ஃபர்ம்வேர் எந்த இடத்தில் பார்க்கிறது, காட்டுங்கள்” என்றேன். தேடினார். ஒரே ஒரு பதிவுச் செய்தி வரியில்தான் வருகிறது. சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டார்.

பிரித்ததும் கம்பைல் ஆகவில்லை. ஆகாது என்று தெரியும். ஒவ்வொரு கோப்பும் தனக்கு வேண்டியதைத் தான் கேட்காமல் பக்கத்து ஹெடர் வழியே பெற்று வாழ்ந்திருக்கிறது. பாயிண்டர் மட்டும் தேவைப்பட்ட இடங்களில் ‘இப்படி ஒரு வகை உண்டு’ என்ற முன்னறிவிப்பு போட்டு, சேர்ப்பு வரிகளை நீக்கினேன். கெர்னல் நிரலாளர் இன்கோ மோல்னார் 2022 தொடக்கத்தில் இதே வேலையைக் கெர்னல் முழுவதற்கும் செய்ய முயன்று 2,200-க்கும் மேற்பட்ட பேட்ச்களை, அதாவது நிரல் திருத்தங்களை, வெளியிட்டார். ஒரு சின்ன டிரைவருக்கே எனக்கு ஒரு நாள் போயிற்று.

நவம்பர் 17 – திங்கள்

கார்த்திகைக் கடைசித் திங்கள், பசவனகுடியில் வேர்க்கடலைச் சந்தையான கடலைக்காய் பரிஷே. மாலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் நகர முடியாமல் நின்றபோதும் அவன் விடவில்லை: “ஸ்ட்ரக்சர் நடுவில் எதற்கு அக்கா வெறும் 4 பைட்?” 32 பிட் எக்ஸ்86-இல் 8 பைட் எண் 4-இன் மடங்கில் உட்காரும், 64 பிட்டில் 8-இன் மடங்கில். 4 பைட் புலத்தை அடுத்து 8 பைட் புலம் வந்தால் ஒருவருக்கு 12 பைட், மற்றவருக்கு 16. கம்பைலர் ஓசையின்றிச் செருகும் ஓட்டையை நாமே பெயர் வைத்துச் செருகிவிட்டால் இருவருக்கும் 16. பஹோல் கருவி ஓட்டைகளைக் காட்டிக்கொடுக்கும். அளவு மாறினால் கம்பைல் நின்றுவிடும்படி ஸ்டாடிக் அசர்ட்டும் போட்டிருக்கிறோம். வேகவைத்த கடலை சுமார்தான், வறுத்தது அருமை.

நவம்பர் 20 – வியாழன்

பேட்ச்கள் உள்ளே போயின. மறுஆய்வில் வந்த ஒரே பெரிய ஆட்சேபம், ரிலீஸ், அக்வயர் விதிகளை மறக்காமல் குறியீட்டை நகர்த்த நாங்கள் வைத்த சிறு இன்லைன் செயற்கூறுகளைப் பற்றியது. நேராகப் புலத்தைத் தொட்டால் என்ன என்றார் ஒருவர். ஆர்ம் புகாரைத் திறந்து காட்டினேன். ஒப்புக்கொண்டார், அரை மனதோடு.

மாலைக்குள் வாடிக்கையாளர் பக்கமிருந்து கடிதம் வந்துவிட்டது: அந்த வெற்று 4 பைட்டில் தங்கள் கொடி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா என்று. அதில் சுழியம் தவிர எதுவும் வந்தால் டிரைவர் திருப்பி அனுப்பும். அப்படி இருந்தால்தான் நாளை நமக்கே அந்த இடம் பயன்படும். பதிலைத் தம்பியையே எழுதச் சொன்னேன். மிகவும் பணிவாக, ‘முடியாது’ என்று எழுதியிருக்கிறான்.